போகத்துக் கடனும் மாதத் தவணையும்

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 விற்பனைக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 47,500 ரூபாய். அந்தப் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 132 ரூபாய். 75 கிலோ மூட்டையாக்கிப் பார்த்தால், ஒரு காருக்கு 480 மூட்டை நெல். இன்று சிறிய கார் ஒன்று பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்குச் சாலைக்கு வந்துவிடும். 2025-26-இன் ஆதரவு விலை 2,369 ரூபாய். எனவே 281 மூட்டை போதும். ஏக்கருக்கு முப்பது மூட்டை என்று இரண்டு காலத்துக்கும் ஒரே அளவாக வைத்துக்கொண்டால், அன்று பதினாறு ஏக்கரின் ஒரு போக விளைச்சல். இன்று ஒன்பதரை ஏக்கரின் விளைச்சல்.

நெல்லால் அளந்தால் கார் மலிந்துவிட்டது. ஆனால் நெல் விற்ற பணத்தை மொத்தமாகக் கொடுத்துக் கார் வாங்கியவர்கள் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. அன்று பெரும்பாலோர் வாங்கவே இல்லை. இன்று பெரும்பாலோர் தவணையில் வாங்குகிறார்கள். 'கார் நமக்குத் தேவையா, ஆசையா' என்று வீடுகளில் இப்போது எழும் பேச்சுக்கு இந்த மாற்றமே காரணம். முன்பு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வாங்க முடியாத பொருளைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டுக்கொள்வதில்லை.

அன்றைய வாகனங்களின் வரிசை நீளமானதல்ல. வில்லியனூர் வழியே விழுப்புரம் – புதுச்சேரி ரயில் 1879-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆலை வேலைக்குப் போனவர்களுக்குச் சைக்கிள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் கொண்டுவரும் நீரால் நிரம்பும் பாகூர் ஏரிக்குக் கீழே, எருவும் நெல்லும் கட்டை வண்டியில் போயின. பெண்ணழைப்பும் பிரசவமும் கூண்டு வண்டியில் போயின. வாடகைச் சைக்கிள் கடையில் மணிக்கணக்குக்கு வண்டி எடுத்து, நேரம் தாண்டாமல் மிதித்துத் திரும்பிய தலைமுறை இன்னும் ஊரில் இருக்கிறது.

கார் என்றால் பெரிய வீட்டுக் கார். அம்பாசிடரோ பியட்டோ, கொட்டகைக்குள் துணி போர்த்தி நிற்கும். ஊர் அதை அறிந்தது இரண்டு சமயங்களில்: கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்கும்போது, பாம்பு கடித்தோ பிரசவம் சிக்கலாகியோ கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு ஓட வேண்டி வரும்போது. கேட்டால் பெரும்பாலும் கொடுத்தார்கள். ஆனால் கேட்க வேண்டும். தோளில் இருந்த துண்டு இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்க வேண்டும். வாசற்படி வரை வர யாருக்கு உரிமை, தெருமுனையில் நின்று ஆள் விட்டுச் சொல்ல வேண்டியவர் யார் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்தது. காலனியிலிருந்து வந்தவருக்கு அந்தத் தூரம் இன்னும் நீளமானது. உதவி கிடைத்தது; கூடவே நன்றிக்கடனும் சேர்ந்தது. அந்தக் கடனுக்கு வட்டி விகிதம் கிடையாது, முடிவு தேதியும் கிடையாது.

பணக் கடனுக்கு வேறு ஒழுங்கு. உழவு மாடு வாங்க மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போவார்கள். தரகர் நடுவில் நிற்பார். வாயைத் திறந்து பல் எண்ணி வயது பார்ப்பதும், நெற்றியிலும் முதுகிலும் சுழி பார்ப்பதும், நடக்கவிட்டுக் கால் வைப்பைக் கவனிப்பதும் முடிந்த பிறகு, விலை துண்டுக்கு அடியில் போகும். விற்பவர் கையும் தரகர் கையும் துணிக்குள் விரல் பிடித்துப் பேசும். சுற்றி நிற்பவருக்கு ஒரு தொகையும் தெரியாது. மாட்டுக்கான பணம் கையில் இல்லாதவர் அதற்கு முன்பே ஒருவரிடம் போயிருப்பார். அந்த ஒருவர் கேட்கும் முதல் கேள்வி, 'எதுக்கு?' இரண்டாவது, 'எப்போ தருவே?' பதில் பெரும்பாலும், 'சம்பா அறுத்ததும்.'

கடன் கொடுத்தவர் களத்துமேட்டுக்கே வந்து அளந்துகொண்டு போனதும் உண்டு. வட்டி கடுமையாக இருந்தது. இரண்டு போகம் தொடர்ந்து பொய்த்தால் மாட்டோடு மண்ணும் போனது. அதைப் பொற்காலமாகப் பேச ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கடனில் ஓர் இசைவு இருந்தது: பணம் எப்போது வரும் என்பதற்கு ஏற்ப, திருப்பும் நாள் அமைந்தது. பின்னாளில் கறவை மாட்டுக்குக் கடன் கொடுத்த வங்கிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இதையே வேறு விதமாகச் செய்தன. சங்கத்தில் ஊற்றும் பாலுக்கான பணத்தில் தவணை பிடித்துக்கொள்ளப்பட்டது. மாடு கறந்தது, தன் கடனைத் தானே அடைத்தது.

வண்டிக்குத் தவணை என்ற ஏற்பாடு அப்போது நாட்டில் இல்லாமல் இல்லை. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை ஒப்படைத்தது. அதே ஆண்டில் சென்னையில் டி.எஸ்.சந்தானம் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கினார். லாரிக்கும் பேருந்துக்கும் கடன் கொடுப்பதே அதன் பிழைப்பு. காரணம் எளியது: லாரி ஓடினால் வாடகை வரும், வாடகையில் தவணை வரும். 1969-இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாகி, கிளைகள் கிராமம் தேடி வந்தபோதும் நோக்கம் மாறவில்லை. பம்புசெட்டுக்குக் கடன் உண்டு, டிராக்டருக்கு உண்டு, பயிருக்கு உண்டு. சொந்தப் பயணத்துக்குக் காருக்குக் கடன் என்று ஓர் உழவர் மேலாளர் முன் உட்கார்ந்திருந்தால், அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். தேவை எது, ஆசை எது என்பதைக் கடன் கொடுப்பவரே தீர்மானித்த காலம் அது. தட்டுப்பாடும் துணை நின்றது. பணம் இருந்தவர்களே முன்பதிவு செய்து மாதக்கணக்கில், சில வண்டிகளுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இந்தக் கதவு திறந்தது தொண்ணூறுகளில். 1993-இல் கார் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றானது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. வண்டி தயாராகக் காத்திருக்க, வாங்குபவரைத் தேட வேண்டியதாயிற்று. வங்கிகளும் நிறுவனங்களின் கடனிலிருந்து தனிநபர் கடன் பக்கம் திரும்பின. கடன் வாங்கியவர் எப்படித் திருப்பினார் என்பதைக் குறித்துவைக்கும் சிபில் 2000-இல் அமைந்தது. 2005-இல் டாடா ஏஸ் வந்து, நம் ஊர்களில் 'குட்டி யானை' ஆகி, கட்டை வண்டியின் கடைசி வேலைகளையும் எடுத்துக்கொண்டது. 2008-இல் புதுவை பாரதியார் கிராம வங்கி தொடங்கப்பட்டது. இதற்கிடையில் பாகூரின் வயல்களில் ஒரு பகுதி மனைகளாயிற்று. வில்லியனூர் நகரத்தோடு ஏறத்தாழ ஒட்டிவிட்டது. வடமங்கலம், சேதராப்பட்டு, திருபுவனைத் தொழிற்சாலைகள் மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் கிராமத்து வீடுகளுக்குள் கொண்டுவந்தன.

விழுப்புரம் சாலையில் இன்று ஏதாவது ஒரு ஷோரூமுக்குள் போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் மாற்றம் முழுவதும் புரிந்துவிடும். வேட்டி கட்டிய தகப்பனும், கம்பெனி அடையாள அட்டையைச் சட்டைப் பையில் செருகிய மகனும் எதிரே. பையன் காப்பி கொண்டுவந்து வைக்கிறான். விற்பனையாளர் கேட்கிறார்: "ஐயா, கையில எவ்வளவு போடுறீங்க?" தகப்பன் மகனைப் பார்க்கிறார். மகன் கேட்கிறான்: "மாசம் டியூ எவ்வளவு வருங்க?" கைப்பேசியில் மூன்று எண்களைத் தட்டியதும் நான்காவது எண் வருகிறது. "ஏழு வருஷம் போட்டா எட்டாயிரம் சொச்சம்தான் சார்." இந்த உரையாடலில் எந்த இடத்திலும் 'எதுக்கு?' என்ற கேள்வி வருவதில்லை. மாட்டின் பல்லை எண்ணிய இடத்தில் இப்போது வாங்குபவரின் சிபில் எண்ணைப் பார்க்கிறார்கள். 300-இலிருந்து 900-க்குள் அவர் எங்கே நிற்கிறார் என்பதே சுழி.

விலை துண்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது என்பது உண்மை. கடன் தொகை, வட்டி, கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மெய்யான ஆண்டு விகிதம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் தாளைப் படிக்கும் முன்பே மனம் முடிவெடுத்துவிடுகிறது. முடிவெடுக்க வைப்பது 'எட்டாயிரம் சொச்சம்' என்ற சொல்.

அந்த எட்டாயிரத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்கலாம். முன்பணம் போக ஐந்து லட்சம் கடன், வட்டி 9 சதவீதம் என்று கொள்வோம். ஐந்து ஆண்டுக்கு மாதத் தவணை 10,379 ரூபாய். மொத்த வட்டி சுமார் 1,22,750. ஏழு ஆண்டுக்கு நீட்டினால் தவணை 8,045-க்கு இறங்கும். வட்டி 1,75,750-க்கு ஏறும். மாதம் 2,300 ரூபாய் குறைந்த இளைப்பாறலுக்கு விலை 53,000 ரூபாய். இதே 9 சதவீதத்தை 'பிளாட் வட்டி' என்று யாராவது சொன்னால் கதையே வேறு. குறையும் அசலுக்குப் போடாமல் முழு ஐந்து லட்சத்துக்கும் ஐந்து ஆண்டும் வட்டி போடுவார்கள்: 2,25,000 ரூபாய். வங்கிக் கணக்கில் சொன்னால் அது ஏறக்குறைய 16 சதவீதம். அன்று மாடு வாங்கியவருக்குத் துணியின் மறைவு; இன்று கார் வாங்குபவருக்கு ஒரு சொல்லின் மறைவு.

நெல்லால் அளந்தால் 8,045 ரூபாய் என்பது மாதம் நாலரை மூட்டை. அளவில் பெரிதல்ல. சிக்கல் நாளில் இருக்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நிலம் தன் பருவத்தில்தான் பணம் தரும். தவணைக்குப் பருவமில்லை, குறித்த தேதியில் வங்கிக் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். இருப்பு இல்லாவிட்டால் அபராதம், கூடவே சிபிலில் ஒரு கறை. டிராக்டர் கடனுக்கு அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை வைக்க வங்கிகளுக்குத் தெரிகிறது. கார் கடன் பெரும்பாலும் சம்பளக்காரரை மனத்தில் வைத்து அமைந்தது. ஆகவே ஒரே தெருவில், ஒரே மாடல் கார், ஒரே தவணை; சம்பளம் வரும் வீட்டில் அது மாதாந்திரச் செலவுகளில் ஒன்று, போகத்தை நம்பும் வீட்டில் அது மனைவியின் சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்பும் கடிதம்.

இனி, தேவையின் பக்கம். பாகூரிலிருந்து புதுச்சேரி சுமார் இருபது கிலோமீட்டர். முன்பு பெரிய மருத்துவமனை என்றால் அந்தத் தூரம் போயே தீர வேண்டும். இன்று கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் வட்டாரத்திலேயே, கடலூர் சாலையில், மருத்துவக் கல்லூரிகள் நிற்கின்றன. மதகடிப்பட்டிலும் ஒன்று. கதிர்காமத்தில் அரசுக் கல்லூரி. 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. ஒரு விதத்தில் காரின் தேவை குறைந்திருக்க வேண்டும். ஆனால் மறுபுறம் வேலை, பள்ளிக்கூடம், உறவு எல்லாம் தூரம் விலகிவிட்டன. புதுச்சேரியின் கிராமங்கள் தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடப்பவை. வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் வழியில் எல்லை எத்தனை முறை மாறுகிறது என்பது ஓட்டுநருக்கே மறந்துபோகும். இரவு நேரத்தில் உள்கிராமங்களுக்குப் பேருந்து அரிது. எல்லைக்கு அந்தப்பக்கம் தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல பேருந்து ஒன்று நேரத்துக்கு வரும் ஊரில், கார் ஆசையின் பக்கம் சாயும். வராத ஊரில் தேவையின் பக்கம் சாயும். வீட்டில் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி என்று நாம் நினைப்பதில் பாதி, போக்குவரத்துக் கழகத்தின் கால அட்டவணையில் தீர்ந்துவிடுகிற கேள்வி.

கையிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கும் உண்டு. ஐந்தாண்டுத் தவணையில் ஓராண்டுக்குக் கட்டுவது 1,24,550 ரூபாய். ஓட்டுநரோடு ஒரு நாள் வாடகைக் கார் 2,500 ரூபாய் என்று வைத்தால், அதே பணத்தில் ஆண்டுக்கு ஐம்பது நாள் கார் எடுக்கலாம். காப்பீடும் சர்வீஸும் டயரும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஐம்பது நாளுக்கு மேல் கார் வேண்டியிருக்கிற வீடு எது, கல்யாண மாதங்களிலும் ஆடிக் கிருத்திகைக்கும் மட்டும் கார் மேல் போர்த்திய துணியை விலக்குகிற வீடு எது என்பது அந்தந்த வீட்டுக்குத் தெரியும். காரை ஓட்டிச் சம்பாதிப்பவருக்கு இந்தக் கணக்கே வேண்டாம். அவருடைய கார், பாலூற்றிய மாட்டின் வாரிசு.

ஆனால் இந்த ஐம்பது நாள் கணக்குக்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு வாடகைக் காருக்குச் சொல்லி, அது வருமா வராதா என்று வாசலில் நிற்பதன் விலை என்ன? பெரிய வீட்டின் தெருமுனையில் ஆள் விட்டுக் காத்திருந்தவரின் பேரன், தன் தாயைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு அதே தெரு வழியே போவதன் மதிப்பு என்ன? அதை ஆடம்பரம் என்று சொல்ல எளிதாக வாய் வருவது, எந்த வாசலிலும் நிற்க நேராதவர்களுக்கு. இந்த மண்ணில் கார் மேல் உள்ள ஆசையின் ஒரு பகுதி, யாரையும் கேட்க வேண்டாம் என்பதன் மேல் உள்ள ஆசை. அந்த ஆசையைத் தேவையிலிருந்து பிரிப்பது கடினம்.

கிடைத்தது இது என்றால், போனவற்றையும் சொல்ல வேண்டும். தெருவில் பழைய வீடுகளின் திண்ணைகளை இடித்து, சாய்தளம் போட்டு, கார் ஏற வழி செய்திருக்கிறார்கள். வழிப்போக்கன் உட்கார்ந்த இடத்தில் இப்போது முன்சக்கரம். வில்லியனூர் திருக்காமீசுவரர் தேரைப் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம், துணைநிலை ஆளுநர் காலத்திலும் தொடர்கிறது. தேர்நாளில் மட்டும் கார்கள் அகன்று, மாட வீதிகள் பழைய அகலத்துக்குத் திரும்புகின்றன. ஒரே வண்டியில் பதினைந்து பேர் நெருக்கிக்கொண்டு போன கல்யாணத்துக்கு இன்று நான்கு கார்களில் பன்னிரண்டு பேர் போகிறார்கள். யாரும் நசுங்குவதில்லை, வழியில் யாரும் யாரோடும் சண்டையிட்டுச் சமாதானமாவதும் இல்லை.

இழப்பில் பணக் கணக்கும் உண்டு. கன்று ஈன்ற மாட்டின் மதிப்பு ஏறும், கார் அப்படியல்ல. காப்பீட்டு அட்டவணைப்படி ஐந்தாம் ஆண்டு முடியும்போது வண்டியின் மதிப்பு பாதி. ஏழாண்டுத் தவணையில் அப்போதும் இரண்டு ஆண்டு பாக்கி இருக்கும். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பின்னாலேயே சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி, பாகூர்ப் பக்கத்து ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. வயலும் காரும் ஒன்றாக நீருக்குள் நின்றன. பயிருக்கு நிவாரணம் கேட்கலாம். காருக்கு, முழுக் காப்பீடு எடுத்தவர் கேட்கலாம். மூன்றாம் நபர் காப்பீட்டோடு விட்டவர் கேட்க முடியாது. தவணை மட்டும் அந்த மாதமும் தன் தேதியில் வந்தது.

ஒரு வேடிக்கையும் இதில் உண்டு. சாலை வரி குறைவு என்பதால், வெளிமாநிலத்தின் விலையுயர்ந்த கார்கள் புதுச்சேரி முகவரி காட்டி 'பி.ஒய்.' எண் வாங்கிக்கொண்டது 2017-இல் கேரளத்தில் வழக்குகளாயிற்று. அந்தக் கார்களில் பல இந்த மண்ணை மிதித்ததே இல்லை. இங்கே உண்மையில் ஓடும் 'பி.ஒய்.' கார்கள் பலவற்றின் பதிவுச் சான்றில், உரிமையாளர் பெயருக்குக் கீழே ஒரு வங்கியின் பெயரும் இருக்கும். கடைசித் தவணை கட்டி, தடையில்லாச் சான்று வாங்கி, அந்தப் பெயரை நீக்கும் வரை கார் முழுதாக அவருடையதல்ல. கட்டத் தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. அடியாட்களை வைத்துப் பறிக்கும் உரிமை இல்லை என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஊகிக்கலாம்.

முன்பு 'எதுக்கு?' என்று கேட்டவர்கள் பலர்: கடன் கொடுத்தவர், வங்கி மேலாளர், பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை. அவர்கள் கேட்ட தொனியில் அதிகாரம் இருந்தது, சாதி இருந்தது. அந்தத் தொனி ஒழிந்தது நல்லது. தொனியோடு கேள்வியும் ஒழிந்ததுதான் நட்டம். அதை இனி வீடே கேட்டுக்கொள்ள வேண்டும். ஷோரூம் போகும் முன், கூடத்தில், சம்பாதிப்பவரும் சமைப்பவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்: ஆண்டுக்கு எத்தனை நாள் இந்தக் கார் ஓடும்? பணம் மாதம் மாதம் வருகிறதா, போகத்துக்குப் போகம் வருகிறதா? இரண்டு போகம் பொய்த்தால், அல்லது கம்பெனி ஆள் குறைத்தால், எத்தனை மாதத் தவணை கையில் இருக்கும்? ஆறு மாதத்துக்காவது இருக்கும் என்று சொல்ல முடிகிற வீட்டுக்குக் கார் ஆசையாகவே இருந்தாலும் கேடில்லை. சொல்ல முடியாத வீட்டுக்கு, உண்மையிலேயே தேவையாக இருந்தாலும், இன்னும் இரண்டு போகம் பொறுத்து, முன்பணத்தைக் கூட்டிக்கொண்டு போவதே நல்லது.